செருப்பு டோக்கனும் ஒரு பெரிய நோட்டும்: குக்கியை அனிமேஷன்ல காட்டப் போய் நாங்க கத்துக்கிட்டது



போன செமஸ்டர்ல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் செமினார் ஹால்ல ரிகர்சல். ப்ரொஜெக்டர்ல மாட்டியிருந்தது என் ரூம்மேட்டோட லேப்டாப். ஸ்லைடுல இருந்த ஒரு தகவலைச் சரிபார்க்கலாம்னு நான்தான் ஒரு நியூஸ் சைட்டைத் திறந்தேன். செய்திக்கு மேல ஒரு விளம்பரம், பக்கத்துல ஒண்ணு, கீழே ஒண்ணு. மூணுமே உடனடிக் கடன் விளம்பரம். பின் வரிசையில இருந்து யாரோ "என்ன மச்சி, கடன் தொல்லையா?"ன்னு கத்த, ஹாலே சிரிச்சது. முதல்ல சிரிச்சது நான்தான்.

அவன் சிரிக்கல.

அன்னிக்கு ராத்திரிதான் எனக்கே விஷயம் தெரிஞ்சது. அவங்க அப்பாவோட தொழில் படுத்துடுச்சு. ஃபீஸ் கட்ட வழி தேடி முந்தின ராத்திரி ரெண்டு மூணு லோன் சைட் பார்த்திருக்கான். நாலு வருஷமா ஒரே ரூம்ல இருக்கிற என்கிட்டகூட சொல்லல. ஆனா ப்ரொஜெக்டர் அறுபது பேருக்குச் சொல்லிடுச்சு. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நான் அந்த சைட்டை மூடிட்டேன்டா. ஹிஸ்டரியையும் டெலீட் பண்ணிட்டேன். அப்புறம் சம்பந்தமே இல்லாத நியூஸ் சைட்டுக்கு இது எப்படித் தெரியும்?"

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல நல்ல கிரேடு. ஆனா அந்த நேரத்துல "குக்கிடா... ட்ராக்கிங்..."னு ரெண்டு வார்த்தைக்கு மேல என்னால சொல்ல முடியல. எக்ஸாம்ல எழுதத் தெரிஞ்சது, பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவனுக்குப் புரியவைக்கத் தெரியல. அந்தக் கடுப்புலதான் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு குக்கி பத்தி ஒரு மூணு நிமிஷ அனிமேஷன் பண்ணலாம்னு முடிவு பண்ணினோம். அதை எப்படிப் பண்ணினோம், எங்கெல்லாம் சொதப்பினோம், நடுவுல குக்கின்னா உண்மையில என்னன்னு இந்தக் கட்டுரையில சொல்றேன். (அவன் கதையை எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது, பேர் மட்டும் போடாதே"ன்னான். இந்தப் பதிலை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில மறுபடி வரும்.)

மறதிக்காரக் கடைக்காரர்

நம்ம பிரவுசரும் வெப்சைட்டும் பேசிக்கிற மொழி எச்.டி.டி.பி. அதுக்கு ஞாபக சக்தியே கிடையாது. நீங்க ஒரு பக்கம் கேட்டீங்க, சர்வர் கொடுத்துச்சு, அவ்வளவுதான், மறந்துடும். அடுத்த செகண்டே இன்னொரு பக்கம் கேட்டா "வாங்க, யார் நீங்க?"ன்னு புதுசா ஆரம்பிக்கும். வெறுமனே படிக்கிற பக்கத்துக்கு இது போதும். ஆனா ஷாப்பிங் பண்ண முடியுமா? ஒரு சோப்பைக் கூடையில போட்டுட்டு அடுத்த பக்கம் போனா, கூடையே காணாமப் போயிடும்.

இந்தப் பிரச்சனைக்கு 1994-ல நெட்ஸ்கேப் நிறுவனத்துல இருந்த லூ மான்டுல்லி என்கிற எஞ்சினியர் கண்டுபிடிச்ச தீர்வுதான் குக்கி. சர்வர் பதில் அனுப்பும்போது கூடவே ஒரு குட்டித் துண்டுத் தகவலையும் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமா வச்சுக்கும். அதே சைட்டுக்கு அடுத்த தடவை போகும்போது அந்தத் துண்டை அப்படியே திருப்பிக் காட்டும். பெரும்பாலும் அதுல இருக்கிறது ஒரு நீளமான, அர்த்தமில்லாத நம்பர் மட்டும்தான். ஒரு குக்கியோட அதிகபட்ச அளவே சுமார் 4 கேபிதான். யூனிக்ஸ் ஆளுங்க ஏற்கெனவே "மேஜிக் குக்கி"ன்னு ஒரு வார்த்தையைப் புழங்கிட்டு இருந்தாங்க. வாங்கினதைப் பிரிக்காம அப்படியே திருப்பிக் கொடுக்கிற தகவல் பொட்டலத்துக்கு அந்தப் பேர். அங்க இருந்துதான் இந்தப் பேரும் வந்துச்சு.

அதனால குக்கி வைரஸ் கிடையாது. அது ப்ரோகிராமே கிடையாது, தானா ஓடாது. நீங்க லாகின் பண்ணினா லாகின்லயே இருக்கிறதுக்கும், கார்ட்ல போட்டது கார்ட்லயே இருக்கிறதுக்கும் இதுதான் காரணம்.

சரி, இதை எப்படிப் படமாக் காட்டுறது?

முதல் வெர்ஷன்: பிஸ்கட்டுக்குக் கண்ணு மூக்கு வச்சோம்

குக்கின்னு பேர் இருந்தா எல்லாருக்கும் வர்ற முதல் ஐடியா எங்களுக்கும் வந்துச்சு. கண்ணு, மூக்கு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வச்சு ஒரு பிஸ்கட் கேரக்டர். அது லேப்டாப்புக்குள்ள புகுந்து பூதக்கண்ணாடி வச்சு எல்லாத்தையும் நோட்டம் விடும். பின்னாடி திகில் மியூசிக். எங்களுக்கே ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

வீட்டுக்குப் போனப்ப அம்மாகிட்ட போட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குடா"ன்னாங்க. அதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். "என்னம்மா புரிஞ்சது?"ன்னு கேட்டேன். "கம்ப்யூட்டர்ல வைரஸ் வரும், உஷாரா இருக்கணும்." ஃபர்ஸ்ட் இயர் பசங்ககிட்ட காட்டினோம். அவங்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாங்க. ஒருத்தன் மட்டும் "அப்போ நெட்டே யூஸ் பண்ணக் கூடாதாண்ணா?"ன்னான்.

அப்போதான் ரெண்டு விஷயம் உறைச்சுது. முதலாவது, "படம் பிடிச்சிருந்துச்சா?"ங்கிற கேள்விக்குப் பிரயோஜனமே இல்ல. எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "ஹிஸ்டரியை டெலீட் பண்ணினா அந்த விளம்பரம் நின்னுடுமா?"ன்னு கேட்கணும். அதுக்குச் சரியான பதில் வந்தாத்தான் படம் வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். ரெண்டாவது, பயமுறுத்துறதும் புரியவைக்கிறதும் ஒண்ணு இல்ல. பயந்தவங்க ஒரு வாரம் பயப்படுவாங்க, அப்புறம் பழையபடி "அக்செப்ட் ஆல்" அமுக்குவாங்க. என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்கதான் வேற பட்டன் எங்கே இருக்குன்னு தேடுவாங்க.

பாஷையிலயும் சிக்கல். நான் எல்.கே.ஜி-யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஸ்கிரிப்ட்டைத் தமிழ்ல எழுத உட்கார்ந்தா பாதி செய்தி வாசிக்கிற மாதிரியும் பாதி பாடப் புத்தகம் மாதிரியும் வந்துச்சு. "தேர்ட் பார்ட்டி குக்கி"ங்கிறதை அப்படியே சொன்னேன். அம்மா உடனே கேட்டாங்க: "அது வண்டிக்கு எடுக்கிற இன்சூரன்ஸ்தானே?" அவங்க கேட்டதுல தப்பே இல்ல. அந்த வார்த்தை நம்ம ஊர்ல அங்கேதானே புழங்குது!

ரெண்டாவது வெர்ஷன்: டோக்கன்

உவமை கோயில் வாசல்ல கிடைச்சுது. செருப்பு விடுற இடம் இருக்கே, அங்க. செருப்பைக் கொடுத்தா ஒரு தகர டோக்கன் தருவாங்க. அவங்களுக்கு நம்ம பேர் தெரியாது, ஊர் தெரியாது. திரும்பி வந்து டோக்கனை நீட்டினா, நம்பரைப் பார்த்து நம்ம செருப்பை எடுத்துத் தருவாங்க. டோக்கன்ல செருப்பு இல்ல, நம்பர்தான் இருக்கு. செருப்பு அவங்க ரேக்ல இருக்கு. குக்கியும் அதேதான். உங்களைப் பத்தின தகவல் பெரும்பாலும் குக்கிக்குள்ள இல்ல, அவங்க சர்வர்ல இருக்கு. உங்ககிட்ட இருக்கிறது டோக்கன்.

இந்த உவமை இன்னொரு ஆபத்தையும் இலவசமா விளக்கிடுச்சு. டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு கிடைக்கும்ல? லாகின் குக்கியும் அப்படித்தான். அதை ஒருத்தன் திருடிட்டா பாஸ்வேர்டு, ஓ.டி.பி எதுவும் கேட்காமலே உங்க அக்கவுண்ட்டுக்குள்ள போக வாய்ப்பு இருக்கு. கிராக் பண்ணின சாஃப்ட்வேரோட ஒட்டிக்கிட்டு வர்ற சில மால்வேர்கள் முதல்ல தேடுறது இந்த டோக்கனைத்தான். ஹாஸ்டல் பென் டிரைவ் புண்ணியவான்கள் கவனிக்கவும்.

இப்போ மெயின் சீன். ரங்கநாதன் தெரு மாதிரி ஒரு கடைத்தெரு. புடவைக்கடை, மருந்துக்கடை, அடகுக்கடை, பேப்பர் கடை. ஒவ்வொண்ணும் தனித்தனி முதலாளி, ஒருத்தருக்கு இன்னொருத்தரைத் தெரியாது. ஆனா ஒவ்வொரு கடை வாசல்லயும் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, காதுல பேனா சொருகின ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். எல்லாக் கடையிலயும் அதே கம்பெனி ஆள், அதே யூனிஃபார்ம். கடைக்காரர் ஏன் அவரை உட்கார விடுறார்? அந்தக் கம்பெனிதான் கடைக்கு விளம்பரப் பலகை கொடுக்குது, அதுக்குக் காசும் தருது.

நீங்க முதல் கடைக்குள்ள நுழையும்போதே அவர் உங்க சட்டைப் பையில ஒரு டோக்கனைப் போட்டுடுறார்: 4127. அடுத்த கடை வாசல்ல அதே கம்பெனியோட இன்னொரு ஆள் டோக்கனை மட்டும் பார்க்கிறார். பேசறதுகூட இல்ல. பார்த்ததும் மேலே ஆபீஸ்ல இருக்கிற ஒரு பெரிய நோட்டுல 4127-வது பக்கம் திறக்குது. "புடவைக்கடை, 10 மணி. மருந்துக்கடை, 10:20. அடகுக்கடை, 11 மணி, கால் மணி நேரம் நின்னார்." கடைசியில நீங்க பேப்பர் கடைக்குப் போறீங்க. வாசல்ல இருக்கிற பலகை உங்களைப் பார்த்ததும் புரண்டு மாறுது: "நகைக்கடன், உடனே!"

பேப்பர் கடைக்காரருக்கு நீங்க அடகுக்கடைக்குப் போனது தெரியவே தெரியாது. பலகைக்குத்தான் தெரியும். என் ரூம்மேட்டோட கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். நியூஸ் சைட்டுக்குத் தெரியாது. அந்த நியூஸ் சைட்லயும் லோன் சைட்லயும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மூணாவது ஆளுக்குத்தான் தெரியும். தேர்ட் பார்ட்டின்னா இந்த வாசல் ஆள். உங்க ஸ்கிரீன்ல அவர் விளம்பரமா மட்டும் இருக்கணும்னு இல்ல. ஒரே ஒரு பிக்ஸல் அளவு கண்ணுக்குத் தெரியாத படமா இருக்கலாம், ஒரு லைக் பட்டனாகூட இருக்கலாம்.

மீதிப் பதிலுக்கு அடுத்த சீன். ஹீரோ வீட்டுக்கு வந்து, தன்னோட டைரியில "இன்னிக்கு அடகுக்கடை போனேன்"னு எழுதியிருந்த பக்கத்தைக் கிழிச்சுப் போடுறான். அப்பாடான்னு பெருமூச்சு. கேமரா மெதுவாக் கீழே இறங்குது. சட்டைப் பையில டோக்கன் 4127 அப்படியே இருக்கு. கேமரா மேலே போகுது. ஆபீஸ்ல நோட்டும் அப்படியே இருக்கு. ஹிஸ்டரியை அழிக்கிறதுன்னா உங்க டைரியைக் கிழிக்கிறது. அவங்க நோட்டைக் கிழிக்கிறது இல்ல.

இந்த சீன் முடிஞ்சதும் அம்மா ரிமோட்டைத் தேடி பாஸ் பண்ணிட்டு, "அப்போ அந்த டோக்கனைத் தூக்கிப் போட்டா?"ன்னு கேட்டாங்க. மக்களே, அந்தக் கேள்விக்காகத்தான் ரெண்டு மாசம் உழைச்சோம்!

டோக்கனைத் தூக்கிப் போடுறதுதான் குக்கியை டெலீட் பண்றது. அடுத்த தடவை போனா புது டோக்கன் 9350 கிடைக்கும், நோட்டுல புதுப் பக்கம் ஆரம்பிக்கும். பழைய பக்கம் அங்கேயே இருக்கும், ஆனா அது நீங்கதான்னு சேர்த்துப் பார்க்கிறது கஷ்டம். ஆனா பில்லிங் கவுண்டர்ல "ஃபோன் நம்பர் சொல்லுங்க சார்"ன்னு கேட்பாங்களே, அங்க நம்பரைச் சொல்லிட்டா? ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வச்சு நூல் கோத்துடலாம். லாகின் பண்றதுங்கிறது அதுதான்.

அனிமேஷன் எதுக்கு? எழுதினா போதாதா?

ஒரு பக்கம் திறக்கிறதுக்குள்ள இவ்வளவும் கண் சிமிட்டுற நேரத்துல, கண்ணுக்கே தெரியாம நடந்து முடிஞ்சுடும். கிரிக்கெட்ல ஸ்டம்பிங் அவுட்டான்னு ஸ்லோ மோஷன்லதானே பார்க்கிறோம்? குக்கிக்கும் அதே தேவை. நடக்கிறதை நிறுத்தி, மெதுவாக்கி, மறைஞ்சிருக்கிறதை வெளியே கொண்டுவந்து காட்டணும். முக்கியமா, கீழே கடை வாசல்ல நடக்கிறதையும் மேலே நோட்டுல எழுதுறதையும் ஒரே நேரத்துல காட்டணும். எழுத்துல ஒண்ணுக்கு அப்புறம்தான் இன்னொண்ணு வரும். படத்துல ரெண்டும் சேர்ந்தே நடக்கும்.

இந்த ஐடியா எங்களோடது இல்ல. மொஸில்லா நிறுவனம் கொல்யூஷன்னு ஒரு ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் வெளியிட்டுச்சு. 2013-ல அதுவே லைட்பீம்னு பேர் மாறிச்சு. நீங்க போற சைட்டெல்லாம் வட்டமா வரும், அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற மூணாவது ஆளுங்க முக்கோணமா வருவாங்க. ஒவ்வொரு சைட்டாத் திறக்கத் திறக்க, நடுவுல கோடு இழுத்துக்கிட்டே போய் ஒரு சிலந்தி வலை மாதிரி ஸ்கிரீன் நிறையும். நாலு சைட் பார்த்தவங்களுக்கு எத்தனை முக்கோணம்னு எண்ணவே முடியாது. 2019-ல அதை நிறுத்திட்டாங்க. ஆனா "சொல்லாதே, அவங்க கண்ணு முன்னாடி நடக்கவிடு"ங்கிற பாடத்தை அங்க இருந்துதான் எடுத்தோம்.

இருந்தாலும் அனிமேஷன்னாலே புரிஞ்சுடும்னு நினைச்சுடாதீங்க. பார்பரா ட்வெர்ஸ்கியும் அவங்க சகாக்களும் 2002-ல எழுதின ஒரு பிரபலமான ஆய்வுக் கட்டுரை, அனிமேஷன் உண்மையிலேயே உதவுதான்னே கேள்வி கேட்குது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துட்டு அவங்க சொன்னது: சாதாரணப் படத்தைவிட அனிமேஷன் எப்பவும் மேல்னு சொல்ல முடியாது. பல அனிமேஷன் ரொம்ப வேகமாவும் சிக்கலாவும் இருக்கு, பார்க்கிறவங்களால பிடிக்க முடியல. ரிச்சர்ட் மேயர் என்கிற கல்வி உளவியலாளரும் இதையொட்டி நிறையச் சொல்லியிருக்கார். விளக்கத்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டு, தேவையில்லாத அலங்காரத்தைத் தூக்கு, பேசுறதையே வார்த்தைக்கு வார்த்தை ஸ்கிரீன்லயும் போடாதே.

இதைப் படிச்சுட்டு எங்க படத்தைப் பார்த்தா, மூணு தப்பும் இருந்துச்சு. அதனால இப்படி மாத்தினோம்:

1. டோக்கன், தெரு, டைரி, ஃபோன் நம்பர்னு தனித்தனித் துண்டாப் பிரிச்சோம். ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துக்குள்ள. நடுவுல நிறுத்தம்.

2. நிறுத்தம்னா சும்மா இல்ல. பேப்பர் கடைப் பலகை மாறுறதுக்கு முன்னாடி படத்தை அஞ்சு செகண்ட் உறைய வச்சு, "இப்போ பலகையில என்ன வரும்?"னு கேட்டோம். ஹால்ல இருந்தவங்க கத்திப் பதில் சொன்னாங்க. தானா யூகிச்சது மறக்காது.

3. கறுப்புக் கண்ணாடி வில்லனைத் தூக்கிட்டு, காதுல பேனா சொருகின சாதாரண குமாஸ்தாவை வச்சோம். யாரோ ஒரு கெட்டவன் செய்றான்னு காட்டினா, அந்தக் கெட்டவன் நமக்கு வர மாட்டான்னு எல்லாரும் நினைச்சுப்பாங்க. உண்மையில இது தினமும் அமைதியா நடக்கிற ஆபீஸ் வேலை. அந்த அமைதிதான் விஷயமே.

4. சப்டைட்டிலை முழு வசனமாப் போடாம, "டோக்கன் = நம்பர் மட்டும்" மாதிரி முக்கியமான இடத்துல நாலு வார்த்தை மட்டும் வச்சோம். முழு சப்டைட்டில் தேவைப்படுறவங்க ஆன் பண்ணிக்கலாம்.

டெக்னிக்கல் ஆளுங்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், மூணு நிமிஷத்துக்கு 4320. அதையெல்லாம் வரையறது நடக்கிற கதையில்ல. தலை, கை, கால் எல்லாத்தையும் தனித்தனியா வரைஞ்சு பொம்மலாட்டம் மாதிரி ஆட்டினோம். ஸ்டோரிபோர்டு நோட்டுப் புத்தகத்துல, சோதனை வெர்ஷன் பவர்பாயிண்ட்ல, கடைசி வெர்ஷன் பிளெண்டர்ல. பிளெண்டர் முழுக்க இலவசம், அதுல கிரீஸ் பென்சில் வச்சு 2டி பண்ணலாம். குரல் பதிவு ஹாஸ்டல் ரூம்ல, தலையில போர்வை போர்த்திக்கிட்டு, மொபைல்ல. வாசல் குமாஸ்தாவுக்கு வசனம் ஒண்ணே ஒண்ணுதான்: "4127". அதைப் பேசினது என் ரூம்மேட். எட்டு டேக் வாங்கினான், ஒவ்வொரு டேக்லயும் சிரிச்சுட்டான்.

ரெண்டு கதவு

கடைசி சீன், நாம தினமும் பார்க்கிற அந்த பேனர். கடைக்கு ரெண்டு வழி. ஒண்ணு அகலமான கண்ணாடிக் கதவு, பச்சை விளக்கு, "அனைத்தும் சம்மதம்". இன்னொண்ணு பின்னாடி சந்துல, மூணு மாடி ஏறி, பதினாறு ஸ்விட்சை ஒவ்வொண்ணா அணைச்சுட்டு வரணும். ஹீரோ சந்தை எட்டிப் பார்க்கிறான், பெருமூச்சு விடுறான், கண்ணாடிக் கதவு வழியாவே போறான். ஹால்ல இருந்த எல்லாருக்கும் சிரிப்பு, ஏன்னா எல்லாரும் அதைத்தான் பண்றோம்.

இந்தச் சோம்பல் நம்ம தப்பு மட்டும் இல்ல, கதவை அப்படிக் கட்டினவங்க தப்பும்தான். ஐரோப்பாவுல கோர்ட்டும் அதிகாரிகளும் இதை நேராவே சொல்லியிருக்காங்க. முன்கூட்டியே டிக் அடிச்சு வச்ச பாக்ஸ் சம்மதம் ஆகாதுன்னு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர்ல ப்ளானெட்49 வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. ஏத்துக்கிறது ஒரு கிளிக், மறுக்கிறது பல கிளிக்னு வச்சிருந்ததுக்காக பிரான்ஸோட தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதா 2022 ஜனவரியில அறிவிச்சுது.

நம்ம ஊர்ல? அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24 அன்னிக்கு புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. சம்மதம் தெளிவா, சுதந்திரமா, குறிப்பிட்ட நோக்கத்துக்காக இருக்கணும், கொடுத்த அளவுக்கே சுலபமா அதைத் திரும்ப வாங்கவும் முடியணும்னு அது சொல்லுது. 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களைப் பின்தொடர்ந்து அவங்களைக் குறிவச்சு விளம்பரம் காட்டுறதையும் தடுக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி: சம்மதம் கேட்கிற அறிவிப்பை இங்கிலீஷ்ல மட்டும் இல்ல, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில இருக்கிற எந்த மொழியிலயும் படிக்கிற வாய்ப்பைத் தரணும். தமிழும் அந்த 22-ல ஒண்ணு. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் இருக்கு. அதுக்குள்ள அந்த அறிவிப்பை மனுஷங்களுக்குப் புரியுற தமிழ்ல எழுத ஆள் வேணும். "மூன்றாம் தரப்புக் குக்கிகளுக்கு இசைவளிக்கிறேன்"னு எழுதினா எங்க அம்மா மறுபடி இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குத்தான் ஃபோன் பண்ணுவாங்க.

நீங்களே பார்க்கலாம்

லேப்டாப்ல குரோம்ல ஒரு நியூஸ் சைட்டைத் திறந்து எஃப்12 அமுக்குங்க. அப்ளிகேஷன் டேப், அதுக்குள்ள குக்கீஸ். (ஃபயர்ஃபாக்ஸ்ல ஸ்டோரேஜ் டேப்.) பட்டியல்ல அந்த சைட்டோட பேர் இல்லாத வேற பேரெல்லாம் இருக்கா பாருங்க. அவங்கதான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவங்க. பக்கத்துலயே நெட்வொர்க் டேப் இருக்கு. பக்கத்தை ரீலோட் பண்ணினா யார் யாருக்கு உங்க பிரவுசர் தகவல் அனுப்புதுன்னு வரிசையா ஓடும்.

அப்புறம் இதைச் செய்யுங்க:

ஆப்பிளோட சஃபாரி 2020-ல இருந்து தேர்ட் பார்ட்டி குக்கியை முழுசாத் தடுக்குது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல இருந்து ஒவ்வொரு சைட்டுக்கும் தனி டப்பா போட்டுப் பூட்டி வைக்குது, ஒரு கடையில வாங்கின டோக்கன் இன்னொரு கடையில செல்லாது. குரோம் நீக்கிடுவோம்னு 2020-ல சொல்லிட்டு, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024-ல அந்தத் திட்டத்தைக் கைவிட்டுடுச்சு. அதனால குரோம் வச்சிருக்கிறவங்க செட்டிங்ஸ்ல போய் நீங்களே தேர்ட் பார்ட்டி குக்கியைத் தடுக்கணும். ரெண்டு நிமிஷ வேலை.

ஹிஸ்டரி அழிக்கும்போது குக்கிக்கும் தனியா டிக் இருக்கு, அதையும் போடுங்க. யாருக்கும் தெரியக் கூடாத விஷயத்தைத் தேடணும்னா இன்காக்னிட்டோ விண்டோவுல, எதுலயும் லாகின் பண்ணாமத் தேடுங்க. எல்லா விண்டோவையும் மூடினதும் டோக்கன் போயிடும்.

எங்க படத்துல சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். டோக்கனே இல்லாம, உங்க நடை, உயரம், சட்டை இதையெல்லாம் வச்சு ஆளை அடையாளம் பிடிக்கிற மாதிரி, ஸ்கிரீன் அளவு, ஃபான்ட், பிரவுசர் வெர்ஷனை வச்சும் உங்களைப் பிடிக்கலாம். அதுக்குப் பேர் ஃபிங்கர்பிரிண்டிங். குக்கியைத் தடுத்தா எல்லாமே முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அதுக்கு அடுத்த படம் எடுக்கிற ஜூனியர்ஸை வரவேற்கிறோம், பிளெண்டர் ஃபைல் எல்லாம் தர்றோம்.

சிம்போசியத்துல படம் முடிஞ்சதும் கைதட்டல் வந்துச்சு. ரெண்டாம் பரிசுதான். முதல் பரிசு ஒரு ரோபோவுக்குப் போச்சு, பரவாயில்ல. அன்னிக்கு ராத்திரி ரூம்ல என் ரூம்மேட் லேப்டாப்பைத் திறந்து செட்டிங்ஸுக்குள்ள போனான். நான் ஒண்ணும் கேட்கல, எட்டியும் பார்க்கல.

"எழுது, பேர் மட்டும் போடாதே"ன்னு அவன் சொன்னது ஞாபகம் இருக்கா? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு அவனே முடிவு பண்ணினான். அதுக்கு எனக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்துச்சு, அவனுக்கு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். சம்மதம்னா அதுதான். அந்த ப்ரொஜெக்டர் அன்னிக்கு அவன்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்கல.

அடுத்த தடவை பேனர் வந்தா, பச்சைக் கதவுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் சட்டைப் பையைத் தடவிப் பாருங்க மக்களே.